எண்பது வீதம் மழை

அப்புத்தளையில் மழை தொடங்கிய மூன்றாம் நாள்
மஸாஹிரா ராத்தா கோல் எடுத்தா:
"முஃபாரிஸ், நாலாம் நம்பர் ரூம் ஒழுகுது.
உங்கட எண்பது வீதத்த
வந்து பாத்துட்டுப் போங்க."

நான் சிரிக்கவில்லை.
ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது.
நாங்கள் கடன் கொடுக்கவில்லை.
கடன் என்று காரியாலயத்தில் யாராவது வாய்தவறிச் சொன்னால்
மௌலவி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.
பங்கு வாங்கியிருக்கிறோம்:
ஆறு அறை, சமையற்கட்டு,
பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவர்,
எல்லாவற்றிலும் நூற்றுக்கு எண்பது.
மாதாமாதம் ஒரு துண்டைத் திருப்பி வாங்குவா,
மிச்சத்துக்கு வாடகை தருவா.
பத்து வருஷத்தில்
அந்த வீட்டைவிட்டு நாங்கள் முழுதாய் வெளியேறிவிடுவோம்,
நல்ல விருந்தாளி போல.

கதவை எப்படிப் பிரிப்பீங்க என்று
கையெழுத்திட்ட அன்றே கேட்டவ அவ.

பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தேன்.
முகில் வரவேற்பறைக்குள் வந்து
சாவிப் பலகையருகே நின்றது.
இந்த மாதம் பதிந்துகொண்ட ஒரே ஆள்.

நாலாம் நம்பரில்
முகட்டில் பச்சை அம்பு.
மேசன் அதைத் தியத்தலாவைப் பக்கம் ஒட்டிவிட்டுப் போக,
மாலைதீவுக் குடும்பமொன்று ஃபோனை வைத்து
கிப்லாவைத் திருத்தித் தந்ததாம்.
லாச்சியில் முஸல்லா.
பழைய சொந்தக்காரர் பியர் அடுக்கிய குளிர்பெட்டியில்
எருமைத் தயிரும் கித்துள் பாணியும்.
அம்புக்கு நேர் கீழே ஒரு நீல வாளி.

டிசம்பருக்கு ஜித்தாவிலிருந்து இரண்டு குடும்பம்
சொல்லி வைத்திருந்தது.
பெரகலையில் மலை இறங்கி வந்து
ரோட்டில் உட்கார்ந்துகொண்டது.
அவர்கள் இப்போது காலியில் கடல் பார்க்கிறார்கள்.

சிறு திருத்தம் வாடகைக்காரர் பொறுப்பு,
பெருந்திருத்தம் உரிமையாளர் பொறுப்பு.
ஒரு தகரம் சிறிதா, பெரிதா?
கொழும்புக்கு எழுதிக் கேட்டேன்.
படம் அனுப்பச் சொன்னார்கள்.
படத்தில் ஒழுக்கு விழவில்லை,
வாளிதான் விழுந்தது.

"இந்த மாசம் வாடக பிந்தும்" என்றா ராத்தா.
பிந்தினால் தண்டம் இருக்கிறது, ஆனால்
அதை நாங்கள் தொடமாட்டோம், தர்மத்துக்குப் போகும் என்றேன்.
"ஆருக்கு?"
ஏழைகளுக்கு.

நிலம் துடைத்துக்கொண்டிருந்த புஷ்பகாந்தி
துணியைப் பிழிந்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கெழமக் கடங்காரன் புதங்கெழம வருவான் சேர்.
எங்க லயத்துக் காம்பராவுலயும்
இந்த மாதிரி பங்கு போட முடியுங்களா?
அங்கயும் ஒழுவுது.
நூத்துக்கு நூறும் எங்க தலையிலதான்."

காணி உறுதி இருக்கிறதா என்று கேட்டேன்.
வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.
தேயிலைக்கு உறுதி உண்டு,
ஃபெக்டரிக்கு உண்டு,
துரை பங்களாவின் நாய்க்கூட்டுக்கும் உண்டு.
லயத்துக்கு ஓர் எண் மட்டும்,
கதவில் தார் பூசி எழுதியது.
என் பையிலிருந்த எந்தப் படிவத்திலும்
அதை எழுத ஒரு கட்டம் இல்லை.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
வாளி நிறைந்திருந்தது.

அஸர் தொழுதேன் அந்த அறையிலேயே.
ஸுஜூதில் ஒரு துளி பிடரியில் விழுந்தது.
எழுந்து, பேனாவைத் தேடி,
பெருந்திருத்தம் என்று எழுதினேன்.
மௌலவி பார்க்கட்டும்.

ஆறு மணி. மழை விடவில்லை.
மேல்கணக்கு லயத்துக்கு இரண்டு மைல் ஏற்றம்.
உரப்பையைத் தலையில் கொங்காணியாய்ப் போட்டுக்கொண்டு
வாசலில் நின்றாள் புஷ்பகாந்தி.
"நோனா, அந்த வாளிய
இன்னைக்கு ராத்திரிக்கு மட்டும் கொண்டுபோகட்டா?"

ராத்தா என்னைப் பார்த்தா.
நான் முகட்டைப் பார்த்தேன்.