உலோகம் ஏதும் உண்டா

மட்டக்களப்புப் பெரியாசுபத்திரி.
எம்.ஆர்.ஐ அறைக்கு வெளியே நீல நாற்காலிகள் நான்கு,
ஒன்றுக்குக் கால் ஆடும்.
படிவத்தோடு வந்த பொடியனுக்கு இருபத்திரண்டு இருக்கும்.
நாங்கள் வடக்கே நடந்த வருசம்
அவன் தாய்க்கே கலியாணம் ஆகியிராது.

உடம்பில உலோகம் ஏதும் இருக்காம்மா,
பல்லுக்கட்டு, காப்பு, நெஞ்சுக்கு வைக்கிற மிசின்?

சாக்கு மூடிய தலையாட்டிக்கு முன்னால்
மூன்று தரம் நின்று தப்பினவள் நான்.
காந்தம் விடாது.
காட்டிக்கொடுத்துவிடும்.

ஓம், என்றேன். தோள்மூட்டில ரெண்டு,
இடுப்பில ஒண்டு,
காதுக்குப் பின்னுக்கு ஒண்டு, குறுணி அளவு.
எப்பிடி வந்த?
வயலுக்க. வேலிக்கம்பி.

எழுதினான்: விவசாய விபத்து.

எங்கள் காலாட்படையணியைப் பற்றி
அரச காகிதத்தில் இருக்கிற ஒரே வரி
அதுவாகத்தான் இருக்கும்.

முந்நூற்றுச் சொச்சம் பேர் படுவான்கரையில் இருந்து வெளிக்கிட்டோம்.
ஆறு கடக்க முன் எண்ணு, கடந்த பின் எண்ணு.
இருட்டில் முகம் கிடையாது, குரல்தான் ஆள்.
நாற்பது, பழுகாமத்து நவரெத்தினா.
நாற்பத்தொன்று நான்.
நாற்பத்திரண்டு தும்பங்கேணிக்காரி,
தன் எண்ணைச் சொல்லும்போதும் சிரிப்பாள்,
அடி வாங்குவாள், மறுகா சிரிப்பாள்.
நவரெத்தினா போன இரவு
முப்பத்தொன்பதுக்குப் பிறகு ஒரு மூச்சளவு வெளி.
நான் அதற்குள் என் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது.

வருசங்கள் கழித்து
அதே ஆற்றுக்குத் திரும்பி வந்தோம்.
எதிர்க்கரையில் நின்றதும் நாங்கள்தான்.
தோளில் இருக்கிற இரண்டில் ஒன்று அங்கே ஏறியது.
எது என்று எக்ஸ்ரேக்கும் தெரியாது.
அந்தக் கரையில் யாரோ சிரித்ததாக
எனக்கொரு நினைப்பு. சத்தியம் பண்ண மாட்டேன்.

தகடு மூன்றையும் குருமண்வெளித் துறையில்,
பாதை நடுவாவியில் போகையில்,
பாக்குத் துப்புவது போலக் குனிந்து போட்டேன்.
பக்கத்தில் ஆடு வைத்திருந்த மனிசன்
என்ன விழுந்த, என்று கேட்டான்.
சில்லறை, என்றேன்.

ஆடுகிற நாற்காலியில் இருந்தவர் அம்பாறைப் பக்கம், உகணை.
விமலசேன. அவரையும் அறைக்குள் விடவில்லை.
முழங்காலைத் தட்டிக் காட்டி
பாபல, என்றார்.
காலாட்படை. அந்தச் சொல் எனக்குத் தெரியும்,
வோக்கியில் ஒட்டுக்கேட்டுப் பழகினது.
உள்ளே கிடப்பது தங்கட ஆட்டிலறியாம்,
கணக்குப் பிழைத்துக் குறுக்கே விழுந்ததாம்.
சொல்லிவிட்டு இருமி இருமிச் சிரித்தார்.

ஆண்டுக்கொரு நாள் பட்டாலியனில் கொண்டாட்டம்,
கழுத்துப்பட்டி கட்டி பஸ்ஸில் போவாராம்.
பாற்சோறு. கறுப்புக் கல்லில் பெயர்கள்.
போனில் படத்தைப் பெருப்பித்து
ஒரு பெயரில் விரலை வைத்தார், எடுக்கவில்லை.
எங்கள் கற்கள் எந்த வீதிக்கு அடியில் கிடக்கின்றன என்று
அவரிடம் கேட்டு என்ன செய்ய?
பென்சன் காணாது, என்றார்.
ஓம், என்றேன், எனக்கு வருவது போல.

வேலிக்கம்பி நாலு இடத்தில் குத்துமா என்று
அவர் கேட்கவில்லை.
பிஸ்கட் பைக்கட்டை நீட்டினார்.
இரண்டு எடுத்தேன்.

ரெண்டு பேருக்கும் ஏலாது,
திங்கள் வந்து டொக்டரைக் காணுங்க, என்றான் பொடியன்.

மருந்து எடுக்கிற வரிசையில்
இலக்கம் கூப்பிடுகிறார்கள்.
நாற்பது. யாரோ போகிறார்கள்.
நாற்பத்தொன்று, ஒரு கிழவர்.
நாற்பத்திரண்டு,
நாற்பத்திரண்டு யாரு, நாற்பத்திரண்டு?

கிறுகிப் பார்த்தேன்.
இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி எழும்பி,
துண்டை வாயில் கவ்வியபடி
என் காலைக் கடந்து போனாள்.