ஆறில் ஒண்டு

தண்ணி துப்புதில்ல.
பாலமீன்மடுவில இருந்து வெளிக்கிட்டு
முகத்துவாரம் தாண்டுமுன்னமே
தலை சுட்டு, பெயின்ற் மணத்து,
சூறாவளிக்கு அடுத்த வருசம் இறக்கின மோட்டர்
ஒரு முனகல் முனகிப் போட்டு நிண்டுது.
தண்டு வலிச்சுத்தான் கரைக்கு வந்தன்.

இப்ப இரவு எட்டரை.
தென்னங்குத்தியில தொங்குது அது.
கீழ்க்கால் கழட்ட நாலு போல்ட்.
மூணு என்ட சொல் கேட்டுது.
நாலாவதுக்கு டீசல் ஊத்திப் போட்டு
சோறு திண்டிட்டு வந்தன்.
கட்டாரில இருந்து இதயராசா கோல் எடுத்து
"ஆரையாவது கூப்பிடன்" எண்டார்.
"ஆரை?" எண்டன்.
லைன் வெட்டிட்டுது.

கால் கழண்டு வந்ததும்
கையளவு கறுத்த சேறு,
ஆத்துவாழை வேர்த்துண்டு,
நண்டுக்குஞ்சு ஒண்டின்ட வெறுங்கோது.
மறுகா பம்பின்ட மூடி.
மூடிக்குள்ள பூ.

பூ எண்டுதான் கடையில கேக்குறது.
இறப்பர்ப் பூ, ஆறு இதழ்.
காத்தான்குடி றம்ஸீன்
"இது இப்ப வாறதில்ல அக்கா, இது இப்ப வாறதில்ல"
எண்டு சொல்லிச் சொல்லியே
மூணு லாச்சி இழுத்து
தூசி தட்டி ஒண்டு எடுத்தான்.
வேற மொடல். அரை மில்லி தடிப்பு.
"இறப்பர்தானே, இணங்கும்."
நாலாயிரத்து எண்ணூறு.
இறப்பர் இணங்கிச்சு, விலை இணங்கல்ல.

பழசைக் கிண்டி எடுத்தன்.
ஒரே பக்கம் கிறுகிக் கிறுகி
இதழெல்லாம் அந்தப் பக்கமே சாஞ்சு விறைச்சுப் போச்சு.
மற்றப் பக்கம் வளைச்சா வெடிக்கும்.
மூணுதான் மிச்சம் நிண்டுது.
ஒண்டு மூடிக்குள்ள ஒட்டிக் கிடந்தது.
ஒண்டைச் சேத்துக்குள்ள,
அரிசி அரிக்கிற மாதிரி அரிச்சு எடுத்தன்.
அஞ்சு.

முழங்காலில இருந்து
செப்புக் குழாயில கீழால வாய் வைச்சு ஊதினன்.
உப்பு, ஒயில்,
பழைய சல்லி ஒண்டு நக்கின ருசி.
மேல எங்கயோ காத்துப் போகுது,
ஆனா முழுக் காத்தில்ல.

அஞ்சு போதும் எண்டு விடலாம்.
புதுசுக்குக் கிரீஸ் பூசி,
அரை நிலாச் சாவி மணலில விழாமப் பிடிச்சு,
கிறுகிற பக்கமே கிறுக்கி இறக்கினா
விடிய அஞ்சுக்குக் கடல்.
வெள்ளைத்தம்பி ஐஸ் பெட்டியோட நிப்பார்.
செவ்வாய்க்குக் கிழமைக் கடன்காரி வருவா.
தண்ணியும் வரும், கொஞ்சமா.

ஒண்டு குறைஞ்சா என்ன எண்டு கேட்டவங்களை
நான் கண்டிரிக்கன்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து
பட்டியலில விரல் வைச்சு
"கிட்டத்தட்டச் சரிதானேம்மா" எண்டு
பேனையை மூடினவங்கள்.
அண்ணன்ட பேர் அந்தத் தாளில
எத்தினையாவது வரி எண்டு
நித்திரையிலயும் சொல்லுவன்.

மோட்டருக்கு இதொண்டும் தெரியாது.
குறைஞ்சது உள்ளுக்கு எங்கயோ கிடந்து
வழியை அடைக்கும்.

பத்தரை.
டோர்ச் மங்கி, போன் வெளிச்சம்.
தலையில தேர்மோஸ்டற் மூடிக்கு ரெண்டு போல்ட்.
முதலாவது கழண்டுது.
ரெண்டாவதும் கிறுகிச்சு, நானும் நம்பிட்டன்.
டக்.
கழுத்தோட முறிஞ்சு கையில வந்துட்டு.

நான் பேசின பேச்சில
பக்கத்து வளவு நாய் எழும்பிக் குலைச்சுது.

மூடியைத் தட்டித் திறந்தன்.
அங்க, வாசல்லயே,
உப்புப் படிஞ்சு வெள்ளையா,
பெருவிரல் நகத்தளவில,
ஆருக்கோ காத்திருந்த மாதிரி இல்ல,
சும்மா சிக்கிக் கிடந்தது.

பழைய பேப்பர் விரிச்சு வட்டமா வைச்சன்.
மூணு பூவோட, மூணு தனிய.
எண்ணினன்.
கை கழுவி வந்து திரும்ப எண்ணினன்.

ஆறும் இரிக்கு.
இப்ப போல்ட் ஒண்டு இல்ல.