நீள்வட்டத்தில் நிற்பவள்

தொலைக்காட்சித் திரையின் வலது கீழ்மூலையில்
முட்டை வடிவில் ஒரு ஜன்னல் உண்டு.
அதற்குள் கறுப்புச் சட்டையோடு நிற்பவள் நான்.
கைகள் எடுப்பாகத் தெரியவேண்டும், அதற்குத்தான் கறுப்பு.
பதினொரு வருடமாக ரீகாவில்
அமைச்சர்கள் வாயால் பேசுவதைக்
காது கேளாதவர்களுக்குக் கையால் பேசுகிறேன்.

மார்ச்சில் அமைச்சர் தாலிவால்டிஸ் சொன்னார்:
"எல்லையோர ஊர்களின் பிரசவ வார்டுகள் மூடப்படாது.
நான் இருக்கும்வரை மூடப்படாது."
'நான்' வந்த இடத்தில்
என் விரல் என் நெஞ்சைத்தான் தொட்டது.
வேறு வழியில்லை, மொழி அப்படி.
அவருடைய நான்களெல்லாம்
என் மார்பெலும்பில் தட்டிவிட்டுத்தான் வெளியே போகும்.

அக்டோபரில் அதே மேடை, அதே தண்ணீர்க் குவளை.
"சூழ்நிலை மாறியிருக்கிறது" என்றார்,
ஏதோ சூழ்நிலை தானாக எழுந்து
நடந்துபோய்விட்டது போல.
நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும்.
விரலுக்கோ நரம்பும் உண்டு, எலும்பும் உண்டு,
குளிர்காலத்தில் வலியும் உண்டு.
மூடப்போகும் நான்கு ஊர்களின் பெயர்களை
எழுத்தெழுத்தாக விரலில் எழுதிக் காட்டினேன்.
கடைசிப் பெயர் என் ஊர்.

சனிக்கிழமைச் சந்தையில்
இமாண்ட்ஸ் புகையூட்டிய விலாங்கு விற்றுக்கொண்டிருந்தார்.
பிறந்ததிலிருந்து ஒலி அறியாதவர்.
கத்தியைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு கையாலும் கேட்டார்:
"மூடாது என்று நீதானே சொன்னாய்?"
நானில்லை, அமைச்சர் என்றேன்.
"அவர் வாய் அசைந்ததைப் பார்த்தேன்.
சொன்னது நீ."
மீனை நிறுத்துக் காகிதத்தில் சுற்றினார்.
எப்போதும் கையில் தரும் மிச்சச் சில்லறையை
அன்று பலகைமேல் வைத்தார்.

ஜனவரியில் அவர் மருமகள் ஆம்புலன்ஸிலேயே
பிள்ளை பெற்றாள், எழுபதாவது கிலோமீட்டரில்,
பனி அள்ளும் வண்டியின் பின்னால் ஊர்ந்துகொண்டே.
பிள்ளை பிழைத்தது.
டிரைவரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் அமைச்சர் மறுபடி வந்தார்.
தேர்தலுக்கு எட்டு மாதம்.
எழுதிக்கொண்டுவந்த தாளை நான்காக மடித்துக்
கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசினார்:
"நான் தவறு செய்தேன்.
அந்தச் சாலையில் ஒரு ராத்திரி நானே ஓட்டிப் பார்த்தேன்.
வார்டுகளைத் திறக்கப்போகிறோம்."

பதினொரு வருடத்தில் அந்த முதல் வாக்கியம்
என் ஜன்னலுக்குள் வந்ததே இல்லை.
என் கை அரை நொடி தடுமாறியது.
தெரியாத சைகை அல்ல,
பால் பொங்கி வழிந்தால், சாவி தொலைந்தால்,
வீட்டில் தினமும் செய்வதுதான்.
நெஞ்சைத் தொட்டேன். நான்.
தவறு.

ஒரு மீட்டர் தள்ளி நின்றதால்
கேமரா பார்க்காததைப் பார்த்தேன்:
மேசை மறைவில் அவர் இடது கை
காற்சட்டைத் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தது.
பயமா, வெட்கமா, ஒத்திகையா?
கைகளைப் படிப்பது என் பிழைப்பு.
அந்தக் கையைப் பாதிதான் படிக்க முடிந்தது.

மறுநாள் ஊரே சிரித்தது.
மாறாதே என்றோம், மாறினார், பச்சோந்தி என்றோம்.
மாறு என்றோம், மாறினார்.
அதற்கும் எங்கள் கையிருப்பில்
அந்த ஒரு பச்சோந்திதான் இருந்தது.

சனிக்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
இமாண்ட்ஸ் புருவத்தை உயர்த்தினார்:
"இந்த முறை?"
சொல்லாததைச் சேர்க்கக் கூடாது,
முகத்தாலும்கூட. என் தொழிலின் விதி.
கையுறையைக் கழற்றினேன். விரல்கள் விறைத்திருந்தன.
அரைக் கிலோ, என்றேன்.

நிறுத்தார். சுற்றினார்.
மிச்சச் சில்லறையை நீட்டினார்,
பலகைமேலும் வைக்காமல்
என் கையிலும் விடாமல்.