ஐந்தாம் நாள், அகிதா

பனி ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது.
ஐந்து நாளாக எலிகளுக்கு வாய்வழி மார்ஃபின்.
வெந்நீரில் வாலை நனைத்து
எத்தனை நொடியில் இழுத்துக்கொள்கிறதென்று
எண்ணுவது என் வேலை.
முதல் நாள் ஒன்பது.
இன்று நான்கு.

பிறகு செய்ய வேண்டியதையும் செய்தேன்.
அதை எழுதப் போவதில்லை.

ஈரநூலாய்ச் சிறுகுடல்.
பனிக்கட்டிமேல் கிடத்தி, நெடுகத் திறந்து,
உள்தோலைக் கண்ணாடிச் சில்லால் வழித்தேன்,
பாத்திரத்தில் ஒட்டிய பாலாடையை
வழிப்பதுபோல.

நள்ளிரவுக்குப் பின் பட்டைகள் தெரிந்தன.
தண்ணீர் குடித்தவற்றுக்குப் பென்சில் கோடு.
மருந்து குடித்தவற்றுக்கு
மை தோய்ந்த கட்டைவிரல்.

பி-கிளைக்கோபுரதம்.
செல்லின் ஓரத்தில் நின்றுகொண்டு
உள்ளே வந்ததை வந்த வழியே இறைத்துக் கொட்டும்.
நஞ்சுக்கென்று வைத்த காவல் அது.
விருந்தாளி யார், வில்லங்கம் யார்
அதற்கென்ன தெரியும்?
தினம் தினம் தட்டுகிறார்களே என்று
ஆள் சேர்த்துக்கொண்டது,
அவ்வளவுதான்.

எதிர்க் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், ரியோஜி.
லாரி ஓட்டியவன். கணையத்தில் கட்டி.
ஏழு வருடம் என் கணவனாக இருந்தவன்.
மாத்திரை போதவில்லை என்று கேட்கக் கூசி
சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக் கிடக்கிறான்.
"பழகிவிட்டது, அதான் கேட்கிறான்"
என்கிறாள் அவன் அக்கா ஹிசாயோ,
ஆரஞ்சு உரித்தபடி.

படலம் காயுமுன் ஓடினேன்.
மேல்கோட்டு போட மறந்து, பனியில்.
குற்றம் அவன் மனதில் இல்லை,
குடலின் சுவரில் என்று சொல்ல.

படியிலேயே கால் நின்றுவிட்டது.
எலி மனிதனில்லை.
ஒரு படலம் சாட்சியில்லை.
முனெகாதா ஐயா கேட்டால்
இன்னும் மூன்று முறை செய் என்பார்.

மருத்துவரிடம் இவ்வளவுதான் கேட்டேன்:
தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்கலாமா?
"நாளையிலிருந்து அப்படித்தான்.
அவரால் விழுங்க முடியவில்லை" என்றார்,
கோப்பிலிருந்து தலை தூக்காமல்.

நான் கண்டுபிடித்தது யாருக்கும் தேவைப்படவில்லை.

ரியோஜி விழித்திருந்தான்.
"தலையெல்லாம் பனி" என்றான்.
கொதிக்கும் தேநீரை அவன் கையில் கொடுத்தேன்.
விரல்களால் கோப்பையைச் சுற்றிப் பிடித்தான்,
குளிர்காலத்தில் எப்போதும் பிடிப்பதுபோல.

ஒன்று, இரண்டு, மூன்று...

எண்ணிக்கொண்டிருப்பது நான்தான் என்று
ஏழில்தான் உறைத்தது.