எட்டாம் நம்பர், கீழ்ப்பாக்கம்

இடிப்பதற்கு முன்
மரத்துக்கு விலை சொல்லத்தான் கூப்பிட்டார்கள்.
வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டங்கள்,
குறுக்கும் நெடுக்கும், மூலைக்கு மூலை சாய்வாகவும்.
"இங்கிலாந்தில் இந்தச் சட்டம்தான்
வீட்டையே தாங்கும்" என்றார் ஆல்வின் டிகுரூஸ்.
அங்கே போனதில்லையாம்.

பனி பெய்யாத ஊரில்
பனி வழிந்து விழ அத்தனை செங்குத்தாய்க் கூரை.
ஒரு காக்கை உட்காரப் பார்த்து
இரண்டு தடவை சறுக்கி
பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்குப் போய்விட்டது.

சுத்தியலால் தட்டினேன்.
ஓர் அங்குலப் பலகை. தார்ப்பூச்சு. நாலு ஆணி.
சட்டம் எதையும் தாங்கவில்லை.
வீடுதான் அதைச் சுமந்துகொண்டு நின்றது
எண்பது மழைக்காலம்.

அவரிடம் சொல்லவில்லை.
ஏணி போட்டுக் கூரைக்குள் ஏறினேன்.
வவ்வால் நாற்றம். டார்ச் வெளிச்சத்தில்
ரங்கூன் தேக்கு உத்தரங்கள்,
ஒன்றின் வாயில் ஒன்று கடித்தபடி.
பொருத்துக்குப் பொருத்து உளிக்கீறல்:
௧, ௨, ௩...
எழுத்தென்று நினைத்துக் கூட்டிப் படித்தேன்,
சொல் வரவில்லை.
பிறகுதான் புரிந்தது, இலக்கம்.
௬-க்கு அடுத்து ௮.
அதற்கப்புறம் ௭.
மாற்றி ஏற்றியவன் இடுக்கில்
சின்ன ஆப்பு ஒன்று அடித்துவிட்டு
இறங்கிப் போயிருக்கிறான்.
விரலால் அசைத்தேன். அசையவில்லை.

"எத்தனை கன அடி தேறும்?"
கீழேயிருந்து குரல்.
"வெளியிலயா, உள்ளயா சார்?"
"உள்ள மரம் இருக்கா என்ன?"

டார்ச்சை அணைத்தேன்.
நாக்கில் இரண்டு விலை இருந்தது.