கையளிப்பு

தாழங்குடா நிலையத்தின் சுவரில் நான்கு கடிகாரங்கள்.
டாக்கா அரைமணி முன்னே, மாலே அரைமணி பின்னே,
காத்மாண்டு யாரோடும் ஒட்டாமல் கால்மணி முன்னே.
திருகோணமலைக்கும் நமக்கும் ஒரே நேரம்.
ஒரு கடிகாரம் மிச்சம் என்று
கணக்குப் பிரிவு கோப்பில் குறித்து வைத்திருக்கிறது.

ஐந்து நாடு சேர்ந்து செய்த பொருள்.
சிறகுத் தகடு ஒருவர், வெள்ளம் பார்க்கும் கண் ஒருவர்,
ராக்கெட் நாம்.
(அதைச் சொல்லிக்காட்டாமல் இருக்கப் பழக
நமக்கு இரண்டு வருடம் ஆனது.)
பெயர் வைக்க மூன்று கூட்டம்.
புதுச்சேரி ஓட்டலில் நடந்த கடைசிக் கூட்டத்தில்
இறால் வறுவல் தீர்ந்தது, பெயர் தீரவில்லை.
இன்றுவரை அது 'அது'தான்.

காலை 10:35. காத்மாண்டில் பிபேக் தாமாங் பிடிக்கிறான்.
டாக்காவில் நஸ்ரீன் எண்களை வாசிக்கிறாள்,
பின்னணியில் யாரோ தேநீர் கலக்கும் சத்தம்.
இங்கே எங்கள் கிண்ணம்
உப்புக்காற்றில் முனகிக்கொண்டு வடக்கே திரும்புகிறது.
அதன் ஒரு போல்ட் திருகோணமலையிலிருந்து வந்தது:
கடலில் ஒரு ராத்திரி தூரம்,
சுங்கத்தில் நாற்பது நாள்.

மேலிருந்து பார்த்தால் எல்லைக்கோடு தெரியாது என்று
திறப்புவிழாவில் ஒருவர் உருகினார்.
தெரிகிறது ஐயா. மஞ்சளில்.
அதன் தடிமன் இரண்டு என்று
மென்பொருளில் வைத்தவளே நான்தான்.

இங்கிருந்து காரைநகருக்கு
அதற்கு முப்பது நொடி.
என் தம்பி எழிலரசனின் படகு போய்ப் பதினோரு மாதம்.
ஆள் வந்துவிட்டான்.
சிங்காரத்தோப்பில் அடுத்தவர் வலையை
அரைக்கூலிக்கு இழுக்கிறான்.

"சுகந்தினி, கூர்மை சரியா இருக்கான்னு
ஒரு இடத்த வெச்சுப் பாக்கணும்" என்றேன்.
அட்சம் சொன்னேன், தீர்க்கம் சொன்னேன்,
வேறொன்றும் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.

"பதினாலு படகு நிக்குது அக்கா.
ஒண்டு சரிஞ்சு கிடக்கு.
உங்கட என்ன நிறம்?"

பச்சை. மூக்கு மட்டும் சிவப்பு.

"இந்தப் படத்தில நிறம் பிரியாது. கொஞ்சம் பொறுங்கோ."

விசைப்பலகை தட்டும் ஒலி.
தென்கிழக்கே அவள் கிண்ணமும்
என் கிண்ணமும் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சரிஞ்சது உங்கட இல்லை" என்றாள்.

எப்படித் தெரியும்?

"தெரியாது" என்றாள்.

பிறகு இருவரும் வேலையைப் பார்த்தோம்.
நாங்கள் ஒப்படைப்பு என்போம், அவர்கள் கையளிப்பு.
படிவத்தில் அவர்கள் சொல் ஜெயித்தது, எனக்கும் அதுதான் பிடிக்கும்,
அதில் கை இருக்கிறது.

கையளிப்பு: 10:41:07.
பெறுபவர்: திருகோணமலை.
அடுத்து மாலே, ஷிஃபாஸ் ஏற்கெனவே தொண்டையைச் செருமுகிறான்.
இழப்பு என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுத வேண்டும்.

எழுதினேன்.