அடிப்பக்கம்

ஞாயிறு, வெயில் ஏற முதல்
காட்போட் மட்டையை விரித்து
மல்லாந்து உள்ளே நகர்கிறேன்.
மூக்கு நுனிக்கு ஒரு சாண் மேலே
நாற்பத்து நாலு வயது டட்சன்.
சம்ப் போல்ற்றைத் தளர்த்தியதும்
கறுத்த ஒயில் கொஞ்சம் யோசித்து
பிறகு ஒரே மூச்சாய்த் தகரத்தில் விழுகிறது.

அப்போதுதான் சத்தமே இல்லாமல்
நாலு அகன்ற ரயர்கள்
படலையடியில் வந்து நின்றன.
கதவு மூடியது மட்டும் கேட்டது,
தலையணைமேல் தலையணை வைத்ததுபோல.
பிறகு ஒரு சோடிச் சப்பாத்து.
தங்கச்சியின் மனுசன், சுகிர்தன்.
கொழும்பிலிருந்து இரவோடிரவாய் வந்திருக்க வேணும்.

"மச்சாள், இதை இன்னும் விக்கேல்லையோ?"
என்று சப்பாத்து கேட்டது.
"அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரைத் தாரும்" என்றேன்.
பதினாலு வந்தது.
பிறகு பத்தொன்பது.

குற்றம் சொல்லவில்லை.
காரென்றால் மேற்பக்கம் என்றே
நானும் ஒருகாலம் இருந்தவள்.
இதன் வயிற்றை முதல்முதல் பார்த்தது
மட்டிக்களிச் சோதனைச்சாவடியில்.
நீண்ட தடியில் கட்டிய கண்ணாடியை
ஒரு ஆமிக்காரப் பெடியன் அடியில் தள்ளினான்.
குண்டு தேடிய கண்ணாடியில்
குண்டு இல்லை.
துரு, சேறு, அறுந்து தொங்கிய ஒரு வயர்,
சொட்டுச் சொட்டாய் ஏதோ.
அடையாள அட்டையைத் திருப்பித் தந்தபடி
"ஒயில் லீக், மிஸ்" என்றான்.
அந்தச் சாவடியில் எனக்கு யாரும் சொன்ன
ஒரேயொரு பிரயோசனமான சொல்.

கராஜ்கள் பூட்டிக் கிடந்த மாதம் அது.
காணிக் கந்தோர் முடிந்து வந்து
சாறியை மாற்றிக்கொண்டு நானே படுத்தேன்.
முதல்நாள் ஒரு போல்ற்றை முறித்தேன்.
இரண்டாம் நாள்
எல்லாம் பூட்டிய பிறகும் ஒரு நட்டு மிஞ்சியது.
எங்கே உரியது என்று இன்றைக்கும் தெரியாது,
தையல்பெட்டியில் கிடக்கிறது.

போகப்போகத் தெரிந்தது:
பொயின்ற் இடைவெளி பார்க்க
நெருப்புப்பெட்டி மட்டை காணும்.
கடற்காற்று முதலில் தின்பது
கதவின் கீழ் விளிம்பை.
மூன்றாம் கியரில் வரும் முனகல்
வருத்தமல்ல, வயசு.

சுகிர்தனின் பென்ஸைப் பழிக்கமாட்டேன்.
போன தையில் அதில் கொழும்பு போனேன்.
கந்தளாய் வரை விழித்திருந்தேன்,
ஹபரணைக் காடு வந்ததே தெரியாது.
என் முதுகு எப்படிப்பட்டதென்று
கேட்காமலே அறிந்த இருக்கை.
இறங்கும்போது இடுப்பில் நோவில்லை,
அதுவே கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.
டட்சனில் நான் தூங்கியதில்லை,
யாரையும் தூங்க விட்டதுமில்லை.

ஆனால் இன்றைக்கு அவர் முகம் சரியில்லை.
வரும் வழியில் ஒரு மஞ்சள் லைற் பத்தியிருக்கிறது.
என்ன லைற்?
தெரியாதாம்.
புதன்கிழமை கொம்பனிக்குக் கொண்டுபோய்
கொம்பியூட்டரில் கொழுவ வேணுமாம்.
கொழுவிப் பார்க்க மட்டும் இருபத்தையாயிரம்.
தன் நோவை அது
அவருக்குச் சொல்லாதாம்.

"அடியில் ஒருக்காப் பாருமன்."
வெள்ளைச் சேட்டோடு என் காட்போட்டில் படுத்தார்,
போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.
கனநேரம் பேச்சில்லை.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
வேலியோரம் வாழைப்பழத்தோலை மென்றபடி
வெளியே நீட்டிய சப்பாத்தைப் பார்த்தது.
"மச்சாள், ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் தட்டுத்தான் தெரியுது.
எல்லாத்தையும் மூடி வைச்சிருக்கிறாங்கள்."

தேத்தண்ணி குடித்தோம்.
முதுகில் என் ஒயில் கறையோடு
லைற் எரிய எரியவே
உப்புவெளி ஹோட்டலுக்குப் போனார்.
பென்ஸ் நின்ற இடத்தில் ஒன்றுமேயில்லை,
வந்தது பொய் என்பதுபோல.

புது வொஷர் போட்டேன், இறுக்கினேன்,
புது ஒயில் ஊற்றி, கம்பியை இழுத்து
அளவு பார்த்தேன். சரி.
திங்கள் காலை, சிமெந்துத் தரையில்
இரண்டு ரூபாய்க் குத்தியளவு
புதுச் சொட்டு.

எங்கே இருக்கிறாயோ தம்பி,
நீ சொன்னது சரிதான்.
இன்னும் லீக்.